பெங்களூர் ஹால்ட்

1. ஈரக் கை

முதல் நாள் நான் சுற்றிய கம்பிக் காயில்களில் ஒன்றுகூட டெஸ்டிங் டேபிளைத் தாண்டவில்லை.

ஐம்பதுகளில் நடந்த கதை இது. பெங்களூரில் டெலிபோன் சாமான் செய்யும் ஒரு பாக்டரியில் பெண்களை வேலைக்கு எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் ஓசூருக்குப் பக்கத்திலிருக்கும் மத்திகிரிக்காரி. கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிநேகிதி ஒருத்தி மனுப் போட்டாள் என்று நானும் சும்மா போட்டு வைத்தேன். கூப்பிட்டார்கள். ஒரு பலகையில் இருந்த சின்னச் சின்னத் துளைகளில் ஊசிகளைச் சீக்கிரம் செருகச் சொன்னார்கள். செருகினேன். சிநேகிதிக்குக் கிடைக்காத வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. அவள் என்னோடு பேசுவதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

என்னைப் போட்ட இடம் காயில் வைண்டிங் செக்‌ஷன். தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை, பாபின் என்று சொல்லும் சிறிய கட்டையின் மேல் வரிவரியாகச் சுற்ற வேண்டும். மிஷின் சுழலும். கம்பியை நம் விரல்தான் வழிநடத்த வேண்டும். இழுத்தால் அறும், விட்டால் சிக்கும். என் பிறந்த வீட்டில் பூக் கட்டி விற்பார்கள். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துத்தான் கட்டுவோம், காய்ந்த நார் பூவின் காம்பை அறுத்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை நனைத்து நனைத்துச் சுற்றினேன். கம்பி என்ன ஒய்யாரமாக ஓடியது! எல்லாருக்கும் முன்னால் என் ட்ரே நிறைந்தது. பக்கத்து மிஷின் ரெஜினா வாயைப் பிளந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் டெஸ்டிங் டேபிளிலிருந்து ட்ரே அப்படியே திரும்பி வந்தது. கூடவே போர்மேனும் வந்தார். ஒரு காயிலை விரலால் தடவிப் பார்த்து, அந்த விரலைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, காயில் சுத்தினியா, துணி தொவச்சியா?"

செக்‌ஷனே சிரித்தது. நான் அழத் தயாராக இருந்தேன். ஆனால் மனிதர் திட்டவில்லை. டம்ளரை எடுத்து அதிலிருந்த தண்ணீரை ஜன்னல் வழியே ஊற்றினார். "கம்பிக்குத் தண்ணி ஆகாதும்மா. நாளைக்குக் காஞ்ச கையோட வா" என்றார். ரெஜினா விரலில் தடவிக்கொள்ள சாக்பீஸ் தூள் கொடுத்தாள். பிறகு ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நாளில், என் ட்ரேயில் 'பாஸ்' முத்திரை குத்தும் சத்தம் கேட்டால் பூசை மணி கேட்ட மாதிரி எனக்கு மனசு நிறையும். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததற்கெல்லாம் அர்த்தம் இராது.

2. ராயக்கோட்டை லைன்

என் வீட்டுக்காரர் பெயர் ஆரோக்கியம். அந்தக் காலத்தில் நான் வாய் திறந்து அந்தப் பெயரைச் சொன்னதில்லை. இப்போது எழுதத்தானே செய்கிறேன், தப்பில்லை.

அவர் ஓசூரிலிருந்து சானமாவு, உத்தனப்பள்ளி வழியாக ராயக்கோட்டை போகும் பஸ்ஸின் டிரைவர். அப்போது டிரைவர் என்றால் இன்றைக்குக் கலெக்டர் மாதிரி. அவர் ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் பஸ்ஸே நிமிர்ந்து நிற்கும் என்று தோன்றும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கையில் யாராவது கொடுத்த தக்காளியோ அவரைக்காயோ இருக்கும். நாங்கள் காய்கறி வாங்கியதே இல்லை.

அந்த லைனில் ஸ்டாப் என்று தனியாக எதுவும் கிடையாது. கை காட்டினால் அதுதான் ஸ்டாப். வயலின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி கை காட்டினாலும் இவர் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் வரப்பில் நடந்து வந்து ஏறும் வரைக்கும் காத்திருப்பார். மூட்டை இருந்தால் இறங்கிப்போய் ஒரு கை கொடுப்பார். உள்ளே இருப்பவர்கள் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். நாளைக்கு அவர்களும் வரப்பில் நிற்க வேண்டியவர்கள்தானே. சானமாவுக் காட்டில் யானை தும்பிக்கையைத் தூக்கினாலும் ஆரோக்கியம் நிறுத்தி ஏற்றிக்கொள்வான் என்று லைனில் கேலி செய்வார்கள். அவர் அதைக் கேட்டுச் சந்தோஷமாகச் சிரிப்பார்.

இப்போது எங்கள் நிலைமையைப் பாருங்கள். நான் வாரம் முழுக்க பெங்களூர் அல்சூரில் ரெஜினா வீட்டில் தங்கினேன். சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறி ஓசூர் வருவேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், கறிச்சோறு, கொஞ்சம் பேச்சு. திங்கட்கிழமை விடியலில் மறுபடி முதல் பஸ். புதுசாகக் கல்யாணமானவள் வாரத்துக்கு ஒரு நாள் புருஷனைப் பார்ப்பது என்ன லட்சணம்? ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவேன். பாக்டரி கேட்டைப் பார்த்ததும் அழுகை நின்றுவிடும். அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

3. காலியாக நின்ற மிஷின்

திங்கட்கிழமை பஸ் ஒருநாள்கூட நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. ஒரு வாரம் பனி மூட்டம், ஒரு வாரம் பஞ்சர், ஒரு வாரம் அத்திபெலேயில் சந்தை மாடுகள் ரோட்டை அடைத்துக்கொள்ளும். டைம் ஆபீஸில் என் பெயருக்கு நேரே லேட், லேட் என்று விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் பர்சனல் ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். மரியாதையான மனிதர், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"ஒங்க வேலையில ஒரு கொறையும் இல்லம்மா. ஆனா திங்கக்கெழம ஆனா ஒங்க மிஷின் காலியா நிக்குது. அடுத்த மாசம் ஒங்களைப் பர்மனென்ட் பண்ணணும். பெங்களூர்ல குடும்பத்தோட வீடு எடுத்துட்டேன்னு சொல்லுங்க, பண்ணிடறேன். முடியாதுன்னா அதையும் சொல்லிடுங்க, வேற ஆள் பாக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பி நடக்கும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"வேலைய வுட்டுடுன்னு நான் சொல்லமாட்டேன் லூர்து. நீ அந்தக் காயிலு கதய சொல்றப்ப ஒன் மொகத்தப் பாக்கறேனில்ல. ஆனா நான் அங்க வந்து என்னா பண்ணுவேன்?"

"டவுன் பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கறாங்களாங்க. ரெஜினா அண்ணன் சொன்னாரு."

"டவுன் பஸ்ஸா?" என்றார். அந்த வார்த்தையைக் கஷாயம் மாதிரி விழுங்கினார். "சரி, போய்ப் பாக்கலாம்."

வீட்டில் என் மாமியாரின் காதுக்கு விஷயம் போனது. அத்தை விதவை. இரண்டு மாடும் கொத்தமல்லிப் பாத்தியும் வைத்துக்கொண்டு மகனை வளர்த்தவர். அவர் பேச்சில் எப்போதும் காரம் ஒரு கரண்டி கூடுதலாகவே இருக்கும். பாலைக் கறந்துகொண்டே, மாட்டிடம் சொல்வது போல எங்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பொண்டாட்டி வேலைக்குப் போற ஊருக்குப் பின்னாலயே பொட்டியத் தூக்கினு போறதுக்கா இவன டிரைவராக்கினேன்? ஊரு சிரிக்கும். நான் எந்த மொகத்த வெச்சினு கோயிலுக்குப் போவேன்?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஊர் நிச்சயம் சிரிக்கும். பெண்டாட்டி புருஷன் வேலைக்குப் பின்னால் போனால் குடும்பம், புருஷன் பெண்டாட்டி வேலைக்குப் பின்னால் போனால் கேலிக்கூத்து. அதுதான் அன்றைய சட்டம். என் வீட்டுக்காரர் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார்.

4. ட்ரையல்

டவுன் பஸ் டெப்போவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு ட்ரையல் வைத்தார்கள். காலியான பஸ்ஸை அவரிடம் கொடுப்பார்கள், பக்கத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துகொள்வார், இவர் ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். கியர், பிரேக், திருப்பம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நான் ஷிப்ட் முடிந்து நேரே டெப்போவுக்குப் போய் கேட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டே பேருடன் பஸ் வெளியே போனதைப் பார்த்தேன். சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் கேட்டைத் தாண்டியது. இவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று மனசுக்குள் வீடு பார்க்கவே ஆரம்பித்துவிட்டேன்.

போன பஸ் வெகுநேரம் வரவில்லை. டெப்போ ஆட்களே எட்டி எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வந்தது. ஜன்னல்களில் எல்லாம் தலைகள் தெரிந்தன.

காலியாகப் போன பஸ்ஸிலிருந்து முதலில் ஒரு கோழிக்கூடை இறங்கியது. பின்னால் அந்தக் கூடைக்காரி. அப்புறம் முக்காடு போட்ட பாய்வீட்டு அம்மாக்கள் மூன்று பேர். அப்புறம் கல்யாணச் சமையல்காரர்கள் இரண்டு பேர், ஒரு பெரிய அண்டாவோடு. அண்டா படியில் மாட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஸீட்டை விட்டு இறங்கி ஓடிவந்து, அதை ஒரு பக்கம் பிடித்து இறக்கிக் கொடுத்தார். எல்லாருக்கும் பின்னால் இன்ஸ்பெக்டர் இறங்கினார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"ஏன்யா, இது ட்ரையல் வண்டி! டிக்கெட் இல்ல, கண்டக்டர் இல்ல, போர்டு இல்ல. இன்னாத்துக்குய்யா நிறுத்தி நிறுத்தி ஏத்தின?"

"கை காட்டினாங்க சார்."

"காட்டுவாங்கய்யா! இது பெங்களூரு. தெருவுல ஆயிரம் பேரு ஆயிரம் காரியத்துக்குக் கையத் தூக்குவான். வேணாம் போ, போன்னு நான் கத்தறேன், நீ கேட்டியா? மாடியில துணி காயப்போடறவளுக்கெல்லாம் பிரேக் அடிக்கிற!"

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப நியாயமாகச் சொன்னார். "அந்தம்மாவுக்கு நிறுத்தினது தப்புதாங்க சார். கிட்டக்க போனப்புறந்தான் கையில துணி தெரிஞ்சுது. மத்தவங்க நெசமாலுமே ஏறத்தான் கை காட்டினாங்க. பாத்துட்டு எப்படிங்க வுட்டுட்டு வர்றது?"

டெப்போ மெக்கானிக்குகள் எல்லாம் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்ஸ்பெக்டருக்கே மீசைக்குள் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டார்.

"ஓட்டறதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. வெண்ணெ மாதிரி ஓட்டற. ஆனா ஒன்ன வெச்சினா, அல்சூர்ல காலையில பொறப்பட்ட வண்டி சிட்டி மார்க்கெட் போய்ச் சேர சாயங்காலமாயிடும். போய்ட்டு வாப்பா" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

கோழிக்காரி மட்டும் போகாமல் நின்றாள். "நாளைக்கும் இந்த வண்டி இதே நேரத்துக்கு வருமாப்பா?" என்று அவரிடம் கேட்டாள். நான் அதற்கும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் டெப்போவை விட்டு வெளியே வந்ததும் அழுதுவிட்டேன்.

டீக்கடையில் உட்கார்ந்து அவர் சொன்னார். "நிறுத்தாம ஓட்டறத பழகிக்கலாம் லூர்து. ஒரு மாசம் பல்லக் கடிச்சினு இருந்தா வந்துடும். ஆனா அது வந்துடுச்சுன்னா நான் வேற ஆளாயிடுவேன்னு பயமா இருக்குது."

எனக்கும் அந்தப் பயம்தான். வரப்பில் வருகிறவளுக்காகக் காத்திருக்கும் மனிதரைத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். பார்த்தும் பார்க்காமல் போகிறவராக அவரை மாற்றிவிட்டு, நான் அங்கே என்ன சம்பாதித்து என்ன? "நான் எழுதிக் குடுத்துட்டு வந்துடறேங்க" என்றேன். அவர் டீயைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இரு" என்றார்.

5. பஸ் மாமா

ஓசூர் திரும்பக் கலாசிப்பாளையத்தில் பஸ் ஏறினோம். இவர் வேலை செய்யும் அதே முதலாளியின் பஸ்தான். டிரைவர் முனியப்பா. சிநேகிதர் என்பதால் எங்களை டிரைவர் ஸீட்டுக்குப் பின்னாலேயே உட்கார வைத்தார். ட்ரையல் கதையைக் கேட்டுவிட்டு ஸ்டீரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தார். அப்புறம் தன் பாட்டைத் தொடங்கினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ராத்திரி தங்கும் ஊர் ஒன்று உண்டு, அதற்கு ஹால்ட் என்று பெயர். ராயக்கோட்டை பஸ்ஸுக்கு ஹால்ட் ஓசூர். டிரைவர் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். முனியப்பாவின் பஸ்ஸுக்கு ஹால்ட் பெங்களூர். கலாசிப்பாளையத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, அதன் கூரை மேலேயே படுத்துக் கிடக்க வேண்டும். காலையில் அங்கிருந்து கிளம்பி ஓசூர் வழியாக கிருஷ்ணகிரி, மறுபடி அதே வழியில் பெங்களூர். சாயங்காலத்துக்குள் இன்னொரு ஓசூர் டிரிப். வீடு ஓசூரில், படுக்கை பெங்களூரில். அந்த டூட்டி என்றாலே டிரைவர்களுக்கெல்லாம் ஜுரம் வரும்.

"அத ஏன் கேக்கற ஆரோக்கியம்" என்றார் முனியப்பா. "ஓசூர் ஸ்டாண்டுல நின்னா எம் பொண்டாட்டி சோத்துக் கேரியரத் தூக்கினு வருவா. இடுப்புல புள்ள. அஞ்சு நிமிசம் பாப்பேன், ஆரன் அடிச்சினு போயிடுவேன். இந்த வாரம் என்னா ஆச்சு தெரியுமா? எம் பையன் என்னப் பாத்து 'பஸ் மாமா'ங்கறான். பெத்த புள்ள!"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முனியப்பாவும் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூஜூவாடி செக்போஸ்டில் வண்டி நின்றது. நம் பக்கம் மதராஸ் ராஜ்யம், மதுவிலக்கு. அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம், சாராயக் கடை திறந்திருக்கும். அதனால் போலீஸ்காரர் ஏறி எல்லார் பையையும் திறந்து பார்த்து, சந்தேகப்பட்டவர்களை ஊதிக் காட்டச் சொல்வார். எங்களுக்கு இது சினிமாவுக்கு முன்னால் போடும் ஸ்லைடு மாதிரி, தினமும் உண்டு. என் வீட்டுக்காரர் மட்டும் எதையும் கவனிக்கவில்லை. முனியப்பாவின் முதுகையே வெறித்துக்கொண்டிருந்தார்.

ஓசூர் ஸ்டாண்டில் வண்டி நின்றது. முனியப்பா சொன்ன மாதிரியே அவர் மனைவி கேரியரோடும் பிள்ளையோடும் நின்றிருந்தாள். எல்லாரும் இறங்கினார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். இவர் எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, ஓசூர் வந்துடுச்சு."

"முனியப்பா" என்றார் இவர். "ஒன் ஹால்ட்ட எனக்குக் குடுக்கறியா? என் ராயக்கோட்டை லைன நீ எடுத்துக்க."

முனியப்பா திரும்பி அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏம்மா, ட்ரையல்ல இவனுக்குத் தலையில ஏதாச்சும் அடிபட்டுச்சா?" என்று கவலையாகக் கேட்டார்.

எனக்கும் ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. எல்லா டிரைவர்களுக்கும் அது ஒரு தண்டனை, ஏனென்றால் எல்லார் பெண்டாட்டியும் ஓசூரில் இருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் பெண்டாட்டி பெங்களூரில்! டவுன் பஸ்ஸும் வேண்டாம், புது முதலாளியும் வேண்டாம். அவர் ஓட்டப்போவதும் ஓசூர் பஸ்தான். ஜூஜூவாடியிலும் சந்தாபுரத்திலும் யார் கை காட்டினாலும் நிறுத்தலாம். சாயங்காலம் வண்டியைக் கலாசிப்பாளையத்தில் போட்டால் நடக்கிற தூரத்தில் வீடு. அங்கே நான்.

6. முதலாளிக்கு வந்த சந்தேகம்

மறுநாள் கோயில் முடிந்ததும் முதலாளியைப் பார்க்கப் போனோம். அவர் தெலுங்கு பேசுபவர். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். இவர் விஷயத்தைச் சொன்னதும் முகம் இருண்டுவிட்டது.

"ஏமய்யா ஆரோக்கியம்! ஹால்ட் டூட்டின்னா ஒவ்வொருத்தன் ஒவ்வொரு நோவு சொல்லிட்டு ஓடறான். நீ ராயக்கோட்டை லைன்ல ராஜா மாதிரி இருக்கற. ஒன்ன யாரு புடிச்சித் தள்ளினது? நெஜம் செப்பு, சொல்லு. அந்தப் பக்கம் கடை தொறந்திருக்குன்னுதானே போற?"

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. நான் வாசலில் நின்றிருந்தேன். பெண்கள் முதலாளி அறைக்குள் போவது வழக்கமில்லை. அன்றைக்கு உள்ளே போய்விட்டேன்.

"ஐயா, கடைக்காக இல்லீங்க. எனக்காக வர்றாரு. பெங்களூரு பாக்டரியில எனக்கு வேல. வூடு அங்க எடுக்கறோம். தினம் சாயந்தரம் அவரு வாய நானே மோந்து பாத்துக்கறேன், நீங்க கவலப்படாதீங்க."

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி கிறீச்சிட்டது. "அய்யோ தேவுடா! ஹால்ட்டுக்கு ஆள் அனுப்பறதுக்குள்ள எனக்கு உயிர் போயி உயிர் வருது. இவன் பொண்டாட்டியோட வந்து கேட்டு வாங்கறான். எடுத்துக்கோ, எடுத்துக்கோ! நீ வேணாம்னு சொல்ற வரைக்கும் ஒனக்குத்தான்!" என்றார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியமில்லை. யார் சொல்வது என்று வாசலிலேயே தள்ளிக்கொண்டோம். கடைசியில் அவர்தான் சொன்னார். அத்தை கொத்தமல்லிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே கேட்டார். முழுசும் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வண்டி மொதலாளியோடதுதான?"

"ஆமாம்மா."

"தெனம் ஓசூர் ஸ்டாண்டுக்கு வருமா?"

"போறப்ப வர்றப்ப எல்லாம் நிக்கும்மா. தெனம் மூணு தடவ."

அத்தை குடத்தைக் கீழே வைத்தார். "இப்ப காத்தால இருட்டோட போற, சாயந்தரம் வந்து தின்னுட்டுத் தூங்கற. ஒன் மொகத்த நான் எங்க பாக்கறேன்? ஸ்டாண்டுல நின்னா மூணு தடவ பாக்கலாம். மோரு கொண்டாந்து குடுக்கலாம். அப்பறம் எந்த ஊருக்குடா போற நீ? போனவன் எவனாவது தெனம் மூணு தடவ திரும்பி வருவானா?"

நாங்கள் இத்தனை நாளாக மண்டையை உடைத்துக்கொண்டதை அத்தை ஒரு குடம் தண்ணீர் விடும் நேரத்தில் தீர்த்துவிட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அத்தையிடம் அதெல்லாம் நடக்காது. குடத்தை வாங்கி மீதிப் பாத்திக்கு நான் தண்ணீர் விட்டேன்.

பர்சனல் ஆபீசரிடம் வீடு எடுத்துவிட்டோம் என்று போய்ச் சொன்னேன். என்னைப் பர்மனென்ட் பண்ணினார்கள். முனியப்பா ராயக்கோட்டை லைனுக்குப் போனார். கை காட்டினால் நிறுத்த வேண்டும் என்று அந்த லைன்காரர்களே அவருக்கு ஒரே வாரத்தில் பாடம் நடத்திவிட்டார்கள் என்று கேள்வி.

7. கலாசிப்பாளையத்து வீடு

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் வந்து யோசனை கேட்டிருக்கிறார்கள். மாற்றல் வந்திருக்கிறது, போகலாமா வேண்டாமா, அவர் வேலை என்ன ஆவது, ஊரில் என்ன சொல்வார்கள் என்று. நாங்களும் போவதா வேண்டாமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவரை ஒரு வழியும் தெரியவில்லை. ஒருத்தர் தன் வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தர் தன் குணத்தை விட வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு முனியப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, சாயங்காலம் இரண்டு பேரும் எங்கே சேர்ந்து சாப்பிடுவது என்று என் வீட்டுக்காரர் தன்னையே கேட்டுக்கொண்ட பிறகுதான், மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய ஒன்று எங்களுக்கென்றே காத்திருப்பது கண்ணில் பட்டது. ஆகவே பெண்களே, முதலில் அதைக் கேளுங்கள். பெட்டியைக் கட்டுவதா அவிழ்ப்பதா என்பது பிறகு தானே தெரியும்.

ஊர் சிரிக்கும் என்று பயந்தோமே, அது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சிரித்தது. ஓசூர் கொஞ்சமாகத்தான் சிரித்தது. பெங்களூரில் எங்கள் அடுத்த வீட்டுக்கார அம்மாள்தான் அதிகம் துளைத்தார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். முதல் நாள் சாயங்காலம் இவர் காக்கிச் சட்டையோடு வந்ததைப் பார்த்து, "யாரு, எங்கேர்ந்து வர்றாரு?" என்றார். என் வீட்டுக்காரர், ஓசூரிலிருந்து வருகிறார் என்றேன். மறுநாளும் இவர் வந்தார். அம்மாள் மறுபடி கேட்டார். ஓசூரிலிருந்துதான் என்றேன். மூன்றாம் நாள் அம்மாளுக்குத் தாங்கவில்லை. நான் அடுப்பில் களி கிளறிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்று, உள்ளே உட்கார்ந்திருந்த இவருக்குக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"அப்போ ஒங்க வீட்டுக்காரருக்கு ஊரு ஓசூரு. ஒங்களுக்கு வேல இங்க. அவரு தெனம் சாயந்தரம் பொண்டாட்டி வூட்டுக்கு வந்துட்டுப் போறாரா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. அத்தை பயந்த கேள்வி இதுதான். என் வீட்டுக்காரர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவே எனக்குத் துணிச்சல் வரவில்லை.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. ராயக்கோட்டை லைனில் வயலைப் பார்த்துப் பேசும் அதே பெரிய, சந்தோஷக் குரல்.

"ஆமாங்கம்மா! இது அவங்க வூடுதான். நான் ஹால்ட்டுக்கு வர்றவன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். நான் சிரித்ததில் களி அடிப்பிடித்துவிட்டது. அதையும் இரண்டு பேருமாக உட்கார்ந்து மிச்சமில்லாமல் சாப்பிட்டோம்.